தாள் எண் 212... காணவில்லை!

வியாழக்கிழமை. காலை பதினொன்று பத்து.

ஆவணக் காப்பகத்தின் வாசல் நோட்டுப்படி உள்ளே இருந்தவர்கள்:

ஒன்று, வாசல் காவலர். உடம்பு நாற்காலியில், உயிர் கனவில்.

இரண்டு, படிப்பறை குமாஸ்தா. பட்டப்பெயர் பென்சில். யார் பேனாவோடு வந்தாலும் அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டு ஒரு பென்சிலை நீட்டுவது இருபது வருடமாக அவர் உத்தியோகம்.

மூன்று, கண்காணிப்பாளர். ஐம்பத்து நான்கு வயதுப் பெண்மணி. இஸ்திரி கலையாத உடை. இஸ்திரி கலையாத முகம்.

நான்கு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். குடும்ப வரலாறு எழுதி, சொந்தக்காரர்களைப் பிடித்து உட்காரவைத்துப் படித்துக் காட்டுகிறவர்.

ஐந்து, அவருடைய அண்ணன் மகள். ஆம்புலன்ஸ் டிரைவர். உள்ளே வந்து மூன்றே நிமிடம். கோபமாக வந்தாள். போன வருடமே தொடங்கிய கோபம் அது.

ஆறு, பைண்டர். கிழிந்த பதிவேடுகளுக்குத் தையல் போடுகிறவர்.

நோட்டுக் கணக்குப்படி ஆறு பேர்.

மூச்சுக் கணக்குப்படி... ஐந்து!

"ஐயோ...! ஐயையோ...! யாராவது வாங்களேன்!"

பென்சிலின் அலறல். பதிவறைக்குள்ளிருந்து!

ஆம்புலன்ஸ்காரி ஓடினாள். அலறல் கேட்டால் மற்றவர்கள் வெளியே ஓடுவார்கள். அவள் பதினோரு வருடமாக உள்ளேதான் ஓடுகிறாள்.

பதிவறையில் வரிசையாக இரும்பு அலமாரிகள். தண்டவாளத்தில் நகர்கிறவை. ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒரு கைச்சக்கரம். ஒரு பக்கம் சுற்றினால் இடைவெளி திறக்கும். மறுபக்கம் சுற்றினால் மூடும்.

பதினான்காவது அலமாரிக்கும் பதினைந்தாவது அலமாரிக்கும் நடுவிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

விரல் நுனிகளில் பசை காய்ந்திருந்தது.

"சக்கரத்தைச் சுத்துய்யா! என் மூஞ்சியில என்ன இருக்கு!"

பென்சில் சுற்றினார். அலமாரி முனகிக்கொண்டு விலக, பைண்டர் அவள் தோள் மீதே சரிந்தார். அவள் அவரைத் தரையில் கிடத்தினாள். கழுத்தில் விரல் வைத்தாள்.

இல்லை.

இன்னொரு பக்கம் வைத்தாள்.

இல்லவே இல்லை!

"சூடு இன்னும் இருக்கு. கால் மணி, மிஞ்சிப்போனா இருபது நிமிஷம்."

கண்காணிப்பாளர் வந்து நின்றார். ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார்.

"எத்தனை தடவை படிச்சுப் படிச்சு சொல்லியிருக்கேன்... உள்ள ஆள் இருக்கான்னு பாக்காம சக்கரத்தைத் தொடாதீங்கன்னு! பாவம்... என்ன ஒரு விபத்து!"

"விபத்தா?"

"பின்ன?"

"சக்கரத்தை முப்பது சுத்து சுத்தணும் மேடம். ரெண்டாவது சுத்துலயே மனுஷன் கத்தியிருக்க மாட்டாரா? இங்க வாங்க. பின்மண்டையில கை வெச்சுப் பாருங்க."

"நான் எதுக்கு...?"

"பழுத்த பழம் மாதிரி அமுங்குது. முதல்ல அடி. அப்புறம்தான் அலமாரி. போலீசைக் கூப்பிடுங்க!"

"அதைச் சொல்ல நீ யாரு?"

இந்தக் குரல் வாசலிலிருந்து. சித்தப்பா! கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பிணத்தைப் பார்க்காமல் அவளை மட்டும் முறைத்துக்கொண்டு நின்றார்.

"ஓ... நீங்களும் இருக்கீங்களா! எப்ப வந்தீங்க சித்தப்பா?"

"பத்து இருபதுக்கு. புத்தகத்துக்குச் சில தேதிகள் சரிபார்க்கணும். உனக்கு என்ன வேலை இங்க?"

"இவர்தான் வரச்சொன்னார்." அவள் பைண்டரைக் காட்டினாள். "காலைல எட்டு மணிக்கு போன். 'அம்மா, உங்க கொள்ளுப்பாட்டியைப் பத்தி ஒரு தாள் இருக்கு. அந்தம்மா பைத்தியம் இல்ல. டாக்டரே கைப்பட எழுதியிருக்கார். பதினொரு மணிக்கு வாங்க'ன்னார். வந்தேன். இப்படிக் கிடக்கிறார்!"

சித்தப்பாவின் கைக்குட்டை கீழே இறங்கியது.

"செத்துப்போனவங்களை எதுக்கு நோண்டுற?"

"நோண்டினது நானா? என் புருஷனோட வக்கீலுக்கு எழுதிக் கொடுத்தது யாரு? 'எங்கள் பாட்டி மனநல மருத்துவமனையில் இறந்தவர், இது பரம்பரை வியாதி, என் அண்ணன் மகளுக்கும் அந்த அறிகுறிகள் உண்டு'... கீழே உங்க கையெழுத்து! தலைமையாசிரியர், ஓய்வு!"

"உண்மையைத்தானே எழுதினேன்."

"உண்மையா? உங்க புத்தகத்துல அதே பாட்டி காய்ச்சல்ல செத்தாங்கன்னு இருக்கு! புத்தகத்துல காய்ச்சல், கோர்ட்டுல பைத்தியமா? ஊருக்கு ஒரு பாட்டி, எனக்கு ஒரு பாட்டியா?"

"ஏய்... குரலைத் தாழ்த்து!"

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு விசாரணை. என் பொண்ணுக்கு ஆறு வயசு. அவளை என்கிட்டயிருந்து பிரிக்க அந்த ஆள் வெச்சிருக்கிற ஒரே காகிதம் உங்க காகிதம். அதை உடைக்க எனக்கு ஒரு காகிதம் வேணும். பதினோரு மாசமா இங்க மனு போட்டிருக்கேன். பதினோரு மாசமும் ஒரே பதில்... 'தேடப்படுகிறது'! கண்டுபிடிச்சவன் இதோ, தேடினாலும் கிடைக்கமாட்டான்!"



பென்சில் மூக்கை உறிஞ்சினார்.

பதினொன்று நாற்பதுக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். தூக்கம் பற்றாத கண். வாய்க்கு மட்டும் தூக்கமே தேவையில்லை என்பது போல ஒரு பேச்சு.

"வாசல்ல ஒருத்தர் தூங்கறார். உள்ள ஒருத்தர் செத்திருக்கார். ரெண்டு பேரையும் பாத்தேன். மூச்சை வெச்சுத்தான் வித்தியாசம் கண்டுபிடிச்சேன்." தொப்பியைப் படிப்பறை மேசையில் வைத்தார். "சொல்லுங்க. பைண்டர் போன்ல சொன்ன அந்தத் தாள் எந்தப் பதிவேட்டுல?"

கண்காணிப்பாளர் தாமே எடுத்துவந்து வைத்தார். தடித்த பதிவேடு. பழைய மனநல மருத்துவமனையின் சேர்க்கைப் பதிவேடு. அடியில் துணி விரித்து, பக்கம் மடங்காமல் துணி சுற்றிய ஈயக்கட்டிகளை வைத்து, விரல் நுனியால் புரட்டினார்.

"பாருங்க. இருநூற்றுப் பதினொண்ணு. அடுத்தது இருநூற்றுப் பதிமூணு. நடுவுல ஒரு தாள் கிழிக்கப்பட்டிருக்கு."

"யார் கிழிச்சது?"

"நான் யாரையும் சொல்ல விரும்பல. ஆனா இந்தப் பதிவேடு தையல் முடிஞ்சு இன்னிக்குக் காலைலதான் மேலே வந்துச்சு. கட்டைப் பிரிச்சதே இவருக்காகத்தான்." தலையால் சித்தப்பாவைக் காட்டினார். "அரை மணி நேரம் தனியா வெச்சிருந்தார். தாள் இல்லைங்கறதே எனக்கு இப்பதான் தெரியும்."

சித்தப்பாவுக்கு முகம் வெளுத்தது.

"என்ன சொல்றீங்க நீங்க! நான் முப்பத்தஞ்சு வருஷம் ஆசிரியரா..."

"ஆசிரியர்னா கிழிக்கத் தெரியாதா?" என்றாள் ஆம்புலன்ஸ்காரி. "எத்தனை பசங்க நோட்டைக் கிழிச்சிருப்பீங்க!"

"நீ சும்மா இரு! சார், நான் பத்து பக்கம்தான் புரட்டினேன். அந்த எழுத்தே எனக்குப் புரியல. கண்ணாடியை வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன்!"

"கண்ணாடி இல்லாமத்தான் தேதி சரிபார்க்க வந்தீங்களா?"

"இல்ல சார்..." குரல் இறங்கியது. "பாட்டி பேர் அதுல இருக்கான்னு பாக்க வந்தேன். இவ கைக்குப் போறதுக்கு முன்னால."

"பாத்து?"

"கிடைச்சாத்தானே சார்!"

இன்ஸ்பெக்டர் பதிவேட்டின் நடுவே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். கிழிந்த ஓரத்தில், தையலுக்குள் செருகியபடி, ஒரு சின்ன வெள்ளைச் சீட்டு.

பென்சிலால் எழுதியிருந்தது.

'தாள் எண் 212 இல்லை.'

"இது என்ன?"

பென்சில் குமாஸ்தா ஒரு அடி முன்னால் வந்தார். அவரிடம் தொழில் பற்றி யாராவது கேட்டு எத்தனையோ வருடமாகியிருக்க வேண்டும். நெஞ்சு நிமிர்ந்தது.

"அது குறைத்தாள் சீட்டு சார். பதிவேட்டுல ஒரு தாள் இல்லைன்னு யார் முதல்ல பாக்கறாங்களோ அவங்க உடனே எழுதிச் செருகணும். அப்பதான் பின்னால படிக்கிறவன் மேல வீண் பழி வராது. இது எங்க தொழில் தர்மம் சார்!"

"அருமை. இதை எழுதினது யாரு?"

"மேடம்தான். அந்தச் சுருக்கொப்பத்தைப் பாருங்க... இந்த அழகு வேற யாருக்கு வரும்!"

"தேதி போட்டிருக்கே?"

"தேதி போடாம விடுவாங்களா மேடம்! திங்கட்கிழ..."

பென்சிலின் வாய் பாதியில் நின்றது.

இன்று வியாழன்!



"மேடம்..." இன்ஸ்பெக்டர் சீட்டை மென்மையாக மேசையில் வைத்தார். "இன்னிக்குத்தான் பிரிச்ச கட்டுக்குள்ள திங்கட்கிழமையே எப்படிப் போனீங்க? தாள் இல்லைங்கறது இப்பதான் தெரியும்னீங்களே?"

கண்காணிப்பாளர் முகத்தில் முதல் தடவையாக இஸ்திரி கலைந்தது.

"அது... வேற ஏதோ..."

"நீங்கதானா!"

ஆம்புலன்ஸ்காரி மேசையைச் சுற்றிக்கொண்டு பாய்ந்தாள். இன்ஸ்பெக்டரோடு வந்திருந்த பெண் காவலர் ஒருத்தி இடுப்பைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

"பதினோரு மாசம் உங்க ரூம் வாசல்ல நின்னேன்! 'பாக்கறோம்மா, பாக்கறோம்மா'ன்னு சிரிச்சீங்களே! எங்க என் தாள்? எரிச்சுட்டீங்களா?"

"எரிக்கிறதா?" பென்சிலுக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. "மேடத்தைப் பத்தி என்ன நினைச்சீங்க? பூச்சி அரிச்ச துணுக்கைக்கூட கவர்ல போட்டு நம்பர் ஒட்டுவாங்க!"

இன்ஸ்பெக்டர் பென்சிலை அன்போடு பார்த்தார்.

"நீங்க வாயைத் திறக்கிறப்பல்லாம் எனக்குப் பாதி வேலை குறையுதுய்யா. மேடம்... உங்க அலமாரிச் சாவி."

கண்காணிப்பாளரின் அறை. ஜன்னலுக்கு இரட்டைத் திரை. பகலிலேயே பாதி இருட்டு. சுவரில் ஒரு பெரிய புகைப்படம். கோட்டு, கண்ணாடி, கையில் தடி. புகைப்படத்துக்குக் கீழே அச்சுக்குத் தயாராக ஒரு புத்தகத்தின் அட்டை. அதே முகம்.

"யாரிவர்?"

"மேடத்தோட கொள்ளுத்தாத்தா சார்." பென்சிலின் குரலில் இப்போது சுரத்தில்லை. "அந்த மருத்துவமனையோட முதல் டாக்டர். அடுத்த மாசம் ஆஸ்பத்திரிக்கே இவர் பேரை வைக்கிறாங்க. வாழ்க்கை வரலாறு மேடம்தான் எழுதியிருக்காங்க. எட்டு வருஷ உழைப்பு."

அலமாரி திறந்தது. மூன்றாவது தட்டில் ஒரு வெள்ளை உறை. மேலே சுத்தமான எழுத்தில் பதிவேட்டு எண், தாள் எண், தேதி.

ஆம்புலன்ஸ்காரி சிரித்தே விட்டாள். கோபத்தில் வருகிற சிரிப்பு.

"ஆளைக் கொல்ல மனசு வந்துச்சு. பேப்பரைக் கொல்ல வரலையா?"

கண்காணிப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"முப்பது வருஷமா காகிதத்தைக் காப்பாத்தியே பழகிட்டேன். கிழிச்சப்பகூட... கை தானா அந்தச் சீட்டை எழுதிச் செருகிடுச்சு."

"எதுக்கு மேடம் கிழிச்சீங்க?"

"படிச்சுப் பாருங்க. புரியும்."

இன்ஸ்பெக்டர் உறையைப் பிரித்தார். பழுப்பேறிய தாள். மேல் பாதியில் நாலு வரி. கீழ்ப்பாதி வெறுமை. தாள் நைந்துபோனதால் எந்தக் காலத்திலோ யாரோ பின்பக்கம் முழுக்க இன்னொரு மெல்லிய தாளை ஒட்டி வைத்திருந்தார்கள்.

உரக்கப் படித்தார்.

"'வயது இருபத்திரண்டு. தனியாக நடந்து வந்தாள். விசாரித்தேன். சித்தம் முற்றிலும் தெளிவாக இருக்கிறது. சித்தபேதம் என்று எழுதிச் சேர்த்துக்கொள்கிறேன்.'"

கீழே கையெழுத்து. புகைப்படத்தில் இருந்தவரின் கையெழுத்து!

"தெளிவா இருந்த பொண்ணை..." ஆம்புலன்ஸ்காரி புகைப்படத்தைக் காட்டினாள். "தெளிவா இருக்கான்னு தெரிஞ்சே பைத்தியம்னு எழுதி அடைச்சிருக்கான்! முப்பத்தெட்டு வருஷம் உள்ளயே இருந்து செத்திருக்காங்க! இந்த ஆளுக்கு ஒரு வரலாறு, ஒரு அட்டைப்படம்!"

"அதனாலதான்!" கண்காணிப்பாளரும் கத்தினார். "நீ உன் கொள்ளுப்பாட்டியைத் தேடி வந்த. நான் என் கொள்ளுத்தாத்தாவைத் தேடி எட்டு வருஷம் செலவழிச்சேன். கடைசியில இந்த நாலு வரி! திங்கட்கிழமை பைண்டர் கொண்டுவந்து காட்டினான். வாயை மூடிட்டு இருன்னேன். இன்னிக்குக் காலைல வந்து நிக்கறான்... 'அந்தப் பொண்ணை வரச்சொல்லிட்டேன் மேடம், தாளைக் குடுங்க'ன்னு! பதிவறைக்குள்ள கூப்பிட்டுக் கெஞ்சினேன். கேக்கல. கையில ஈயக்கட்டி இருந்துச்சு..."

"நீங்க கெஞ்சினீங்க. அவர் ஒண்ணும் சொல்லலையா?"

"'நீங்க முழுசாப் பாக்கல மேடம், முழுசாப் பாக்கல'ன்னு அதையே சொல்லிட்டிருந்தான். நாலு வரியில முழுசா என்ன, அரைகுறையா என்ன!"

ஆம்புலன்ஸ்காரி தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு சட்டென்று அதை எடுத்தாள். ஜன்னலுக்குப் போனாள். இரட்டைத் திரையையும் ஒரே இழுப்பில் விலக்கினாள். நடுப்பகல் வெயில் உள்ளே கொட்டியது.

விபத்துக் கேஸில் எலும்பு முறிவுப் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துப் பழகிய கை. அதே போலப் பிடித்தாள்.

"வெயில்ல பிடிக்காதே!" கண்காணிப்பாளர் அலறினார். "வெயில் படக்கூடாது! காகிதம் போயிடும்! கீழே இறக்கு!"

"வெயில்ல ஒரு தடவைகூடப் பிடிச்சுப் பாக்கலையா நீங்க?"

"நான் ஏன் பிடிக்கணும்? பதிவுகளை வெளிச்சத்துல காட்டக்கூடாதுன்னு முதல் விதியே..."

"விதிதான் உங்களை முடிச்சிருக்கு. பின்பக்கம் எழுத்து இருக்கு!"

கண்காணிப்பாளர் தவிர எல்லோரும் ஜன்னலுக்கு வந்தார்கள்.

அவள் தாளைத் திருப்பிப் பிடித்தாள். ஒட்டிய மெல்லிய தாளுக்கு அடியில், வெயில் ஊடுருவ, கீழ்ப்பாதியில் மங்கலாக வரிகள் எழுந்து வந்தன. அதே கையெழுத்து.

எழுத்து எழுத்தாகப் படித்தாள்.

"'இடது கையும் இரண்டு விலா எலும்பும் முறிந்திருக்கின்றன. புருஷன் அரிவாளோடு வெளி வாசலில் நிற்கிறான். நோயாளி என்றால் மட்டுமே இவளை உள்ளே வைத்துக் காக்க எனக்கு அதிகாரம் உண்டு. ஆகவே பொய் எழுதினேன். இதற்காக என் உத்தியோகம் போனால் போகட்டும்.'"



"அப்போ..." கண்காணிப்பாளர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "எங்க தாத்தா..."

"நல்லவர்." ஆம்புலன்ஸ்காரி திரும்பினாள். குரலில் கருணை ஒரு சொட்டுகூட இல்லை. "ரொம்ப நல்லவர். உங்க புத்தகத்துல இருக்கிறதைவிட நல்லவர். இதைச் சொல்லத்தான் அந்த மனுஷன் உங்க பின்னாலயே வந்தார். நீங்க மண்டையில போட்டீங்க!"

கண்காணிப்பாளர் புகைப்படத்தை நிமிர்ந்து பார்த்தார். 

சித்தப்பா இடையில் புகுந்தார்.

"புருஷன்னா... எங்க தாத்தாவா?"

"வேற எத்தனை புருஷன்? உங்க புத்தகத்துல முதல் அத்தியாயமே அவர்தானே. 'எறும்புக்கும் தீங்கு நினையாத உத்தமர்'!"

"எனக்குத் தெரியாதும்மா... வீட்டுல சொன்னதைத்தான்..."

"எறும்புக்கு நினைக்கலை சித்தப்பா. பொண்டாட்டிக்கு மட்டும்தான் நினைச்சார். நாளைக்குப் பத்து மணிக்கு கோர்ட்டுல இருக்கணும். எழுதிக் குடுத்ததை நீங்களே உங்க வாயால திரும்ப வாங்கணும். வரலைன்னா சைரன் போட்டுக்கிட்டு வீட்டு வாசலுக்கு வருவேன். தெருவே எழுந்து வந்து பாக்கும்!"

"வரேன்... வரேன்மா."

பிற்பகல் மூன்று மணி. காவல் நிலையம்.

"தாளைத் தர முடியாதும்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "கொலைக் கேஸ்ல தடயம். சீல் வெச்சாச்சு."

"எனக்கு நாளைக்குக் காலைல வேணும்!"

"நகல் எடுத்துத் தரேன். முன்பக்கம் ஒண்ணு. வெளிச்சத்துல பிடிச்சு பின்பக்கம் ஒண்ணு. ஆனா வெறும் நகலை கோர்ட் மதிக்காது. உண்மை நகல்னு காப்பகத்திலிருந்து கையெழுத்தும் முத்திரையும் வேணும்."

"யார் போடணும்?"

இன்ஸ்பெக்டர் கன்னத்தைச் சொறிந்தார்.

"கண்காணிப்பாளர்."

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். மூலை பெஞ்சில், இரண்டு பெண் காவலர்களுக்கு நடுவே, கண்காணிப்பாளர்!

"இன்னும் அவங்கதானா?"

"பணியிடைநீக்க உத்தரவு சாயங்காலம்தான் வரும். அதுவரைக்கும் அவங்க கையெழுத்து செல்லும்."

ஆம்புலன்ஸ்காரி நேராகப் போனாள். நகல்களை அவர் மடியில் வைத்தாள். பேனாவை நீட்டினாள். பென்சில் குமாஸ்தா, கண் சிவந்து, முத்திரைக் கட்டையோடு நின்றார்.

"போடுங்க."

கண்காணிப்பாளர் நிமிர்ந்து பார்த்தார்.

"போடலைன்னா?"

"போடலைன்னா உங்க தாத்தா எழுதின அந்த நாலு வரி மட்டும் ஊருக்குத் தெரியும். போட்டா பின்பக்கமும் தெரியும். உங்க இஷ்டம். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

பொய். அவளுக்கு இரண்டும் ஒன்றல்ல.  பேனாவை இன்னும் கிட்டே நீட்டினாள்.

கண்காணிப்பாளர் நகல்களை வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்தார். நிதானமாக. ஒரு எழுத்து விடாமல். பிறகு எழுதினார். உண்மை நகல். கையெழுத்து. தேதி.

முத்திரையைக் குத்தப்போன பென்சிலைத் தடுத்தார்.

"கோணலா வைக்காதே. நேரா."

நேராக விழுந்தது.

ஆம்புலன்ஸ்காரி நகல்களை எடுத்து மடிக்காமல் உறையில் போட்டாள். நன்றி சொல்லவில்லை. சொல்லும் உத்தேசமும் இல்லை.

"வாங்க மேடம்," என்றார் இன்ஸ்பெக்டர்.

நடைக்கோடியில் பெண்கள் லாக்கப். சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். கூரை மூலையில் கரும்பச்சைப் பூஞ்சை. கண்காணிப்பாளர் உள்ளே காலை வைத்தவர் அப்படியே நின்றார். சுவரைத் தொட்டுப் பார்த்தார். விரலைத் தேய்த்துப் பார்த்தார். முகம் சுளித்தார்.

"இன்ஸ்பெக்டர்... இங்க ஈரம் ரொம்ப அதிகம். காகிதம் வெச்சா ஒரே மாசத்துல கெட்டுப்போயிடும்!"

இரும்புக் கதவு அவர் முதுகுக்குப் பின்னால் சாத்தப்பட்டது. பூட்டுக்குள் சாவி இரண்டு சுற்று சுற்றியது.

"கவலையே படாதீங்க மேடம்... இங்க நாங்க காகிதத்தை வைக்கிறதே இல்ல, ஆளுங்களை மட்டும்தான்!"